கண்ணாடியைப் பார்த்த டிவி

எங்கள் வீட்டு பீரோவின் கதவில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி இருக்கிறது. நாலு வருஷம் எங்கள் டிவி அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடிதான் இருந்தது. எங்களுக்கு அதன் முதுகுதான். கவர்மென்ட் கொடுத்த பதினாலு இஞ்சு கலர் டிவி. அதன் முதுகில் எத்தனை ஸ்குரு, எது துருப்பிடித்தது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். செய்தி பார்த்தாலும் கண்ணாடியில். கிரிக்கெட் பார்த்தாலும் கண்ணாடியில். கீழே ஓடுகிற எழுத்து இடம் வலம் மாறி ஓடும். நான் அஞ்சாவதுவரை படித்தவன். நேராக இருந்தாலே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். வீட்டுக்கு வருகிறவர்கள் உட்கார்ந்ததும் முதலில் கேட்பது, "டிவிய ஏன் திருப்பி வெச்சிருக்கீங்க, எதுனா வேண்டுதலா?" பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு கட்டத்தில் "ஆமாம், வேண்டுதல்தான்" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மாமனார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். கடலூர் முதுநகர் தாண்டி, முகத்துவாரத்துப் பக்கம் எங்கள் குப்பம். சுனாமி அலை வந்து மாமியைக் கொண்டுபோனது. வீட்டையும் கொண்டுபோனது. அதற்குப் பிறகு மாமா எங்களோடு இருந்தார். எண்பதை நெருங்கிய வயசு. ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். ஆஸ்பத்திரியில் மூக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். அதை மீன் சாப்பிடும்போது மட்டும் போடுவார். முள் தெரிய வேண்டுமாம். மற்ற நேரத்தில் எதற்கு என்பார். வாசல்படியில் இடித்துக்கொள்வார். இடித்தது படியின் தப்பு. அவரோடு ஒரே கூரைக்குக் கீழே ஏழு வருஷம் இருந்தேன். அதிகம் பேசாதவன் என்று என்னை எல்லோரும் சொல்வார்கள். அந்த வீட்டில் எனக்கு எங்கே இடம் இருந்தது பேச?

அவருக்கு ஒரு குறை உண்டு. அப்பாவைப் பார்த்ததே இல்லை. அவர் வயிற்றில் இருக்கும்போதே அப்பா கடலுக்குப் போனார், திரும்பவில்லை. அந்தக் காலத்தில் குப்பத்தில் யார் போட்டோ எடுத்தார்கள்? சின்ன வயசில் மாமா ஒவ்வொரு பெரிய ஆளாகப் போய்க் கேட்டிருக்கிறார், எங்கப்பா எப்படி இருப்பார் என்று. ஒருத்தர் உயரம் என்றாராம். ஒருத்தர் குட்டை என்றாராம். ஒருத்தர், "எப்படி இருப்பான், ஆள் மாதிரிதான் இருப்பான்" என்றாராம். ஒரே ஒரு விஷயத்தில்தான் எல்லோர் பேச்சும் ஒன்றாக இருந்தது. அவர் பீச்சாங்கைக்காரர். வலை வீசுவது, முடிச்சுப் போடுவது, எல்லாம் இடது கையில். வீச்சு வலைக்குப் போனால் அவரை ஓரத்தில்தான் நிற்க வைப்பார்களாம். மாமாவிடம் அப்பா என்று இருந்தது அந்த ஒரு கைதான்.

அலை வந்து ஒன்றரை வருஷம் இருக்கும். 2006. சிதம்பரத்திலிருந்து ஒரு காலேஜ் வாத்தியார் லேப்டாப்போடு வந்தார். அப்போதெல்லாம் பையோடு ஒரு ஆள் இறங்கினாலே நிவாரணக் கணக்கு எடுக்க வந்தவர் என்று நினைப்போம். அவர் உட்காருவதற்குள் முப்பது பேர் ரேஷன் கார்டு ஜெராக்ஸோடு நின்றார்கள். பக்கத்து வீட்டு அத்தை, "எழுதிக்குங்க சார், ரெண்டு வலை, ஒரு கட்டுமரம், ஒரு மாவு அரைக்கிற மிஷினு" என்று ஆரம்பித்துவிட்டது. வாத்தியார் பாவம், "நான் சினிமா விஷயமா வந்திருக்கேம்மா" என்றார். "சினிமாவுல என்ன குடுப்பீங்க?" என்றது அத்தை. கடைசிவரை நாலைந்து ஜெராக்ஸ் அவர் பையில் விழுந்துதான் இருந்தது. அவர் திருப்பிக் கொடுத்தாலும் யாரும் வாங்கவில்லை. இருக்கட்டும் சார், எப்பனா உதவும் என்றார்கள்.

அவர் சொன்னது இது. ஊமைப் படக் காலத்தில் வெளிநாட்டில் பெரிய பேர் வாங்கின டைரக்டர் ஒருத்தர். பேர் என் வாயில் நுழையாது. அவர் நம் தேசத்துக்கு வந்து ஒரு படம் எடுத்திருக்கிறார். அந்தப் படம் இப்போது எங்கேயும் இல்லை. ஆனால் அவர் கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டிருந்ததை அவர் கூட வந்த ஆள் இன்னொரு கேமராவில் எடுத்து வைத்திருக்கிறான். அந்தச் சுருள் அவர்கள் ஊரில் ஏதோ ஒரு பழைய பெட்டியில் கிடந்து இப்போதுதான் கிடைத்திருக்கிறது. பெட்டி மேல் கடலூர் என்று எழுதியிருக்கிறது. ஆனால் முகத்துவாரம் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை. அதனால் இது கடலூரே இல்லை என்று அங்கே பெரியவர்கள் சொல்கிறார்கள். குப்பத்தில் வயசானவர்கள் பார்த்தால் தெரியுமா என்று கேட்க வந்திருக்கிறார்.

மீன் ஏலம் போடும் கொட்டகையில் லேப்டாப்பை வைத்துக் காட்டினார். நாலு நிமிஷம். தொப்பி போட்ட வெள்ளைக்காரர் கையை ஆட்டி ஆட்டிக் கத்துகிறார். சத்தம் கிடையாது. பத்து ஆள் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்று வீச்சு வலை வீசுகிறார்கள். அவர் நிறுத்தச் சொல்கிறார். மறுபடி வீசுகிறார்கள். மறுபடி நிறுத்தச் சொல்கிறார். கரையில் கூடையோடு பொம்பளைகள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். "மீனே இல்லாத தண்ணியில எத்தன தடவடா வீசுவானுங்க" என்றான் என் மச்சான். ஆளாளுக்கு எங்க தாத்தா, எங்க பாட்டன் என்று விரலை நீட்டினார்கள். மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மீன் இல்லாமல் அவர் அதைப் போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். வெள்ளைக்காரருக்குப் பக்கத்தில் ஒருத்தர் நின்றார். நல்ல மார்பு, முறுக்கின மீசை. வலையை இடது கையில் சுழற்றி வீசினார். மாமா எழுந்து நின்றுவிட்டார். "நிறுத்து. அதான் எங்கப்பா" என்றார். அதற்கப்புறம் அவர் திரையில் வேறு எதையும் பார்க்கவில்லை. நானும் அன்றைக்குப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பது வயசு ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. மாமியைத் தூக்கி வந்தபோதுகூட அவர் அழவில்லை.

வாத்தியார் அந்த ஆளைப் பெரிசு பண்ணி போட்டோ எடுத்துக் கொடுத்தார். மாமா கடலூர் போய் ஃப்ரேம் போட்டு வந்தார். புது வீட்டில் சுவரில் ஏறின முதல் படம் அதுதான். மாமியின் படம்கூட எங்களிடம் இல்லை. எல்லாம் தண்ணீரில் போனது. வெள்ளிக்கிழமைக்கு மாலை, அமாவாசைக்குப் படையல். வருகிறவர்களிடம், "பாத்தியா மீசைய" என்பார். அவருக்கே எண்பதில் மீசை வளர்க்க ஆசை வந்தது. பூனை மாதிரி நாலு முடி வந்தது. அதை முறுக்குவார்.

அடுத்த வருஷம் வாத்தியார் சிதம்பரத்தில் ஒரு கூட்டம் வைத்தார். வெளிநாட்டிலிருந்து ஆள் வந்திருந்தது. மாமாவை மேடையில் உட்கார வைக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். நான்தான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். பரங்கிப்பேட்டை ரோடு வரும்வரை சட்டைக் காலர் குத்துகிறது என்று திட்டிக்கொண்டு வந்தார். கீழவீதிப் பக்கம் இறங்கி ஹாலுக்கு நடந்தோம். பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். மாமா சொன்னது இவ்வளவுதான்: "அந்த வெள்ளக்காரர எனக்குத் தெரியாது. பக்கத்துல நிக்கிறாரே, அவரு எங்கப்பா." எல்லோரும் கை தட்டினார்கள். விளக்கை அணைத்துப் பெரிய திரையில் படத்தைப் போட்டார்கள்.

அன்றைக்குத்தான் நான் படத்தைப் பார்த்தேன். லேப்டாப்பில் ஆள் எல்லாம் விரல் அளவு. இங்கே ஆள் அளவு. முதலில் மீசைக்காரரைப் பார்த்தேன், இடது கை. அவருக்கு அடுத்தவர், இடது கை. அதற்கு அடுத்தவரும் இடது கை. எண்ணிக்கொண்டே போனேன். பத்துப் பேரில் ஒன்பது பேர் இடது கையில் வீசுகிறார்கள். ஒரு குப்பத்தில் ஒருத்தன் பீச்சாங்கை இருப்பான், ஜாஸ்தி போனால் ரெண்டு பேர். கரையில் நின்ற பொம்பளைகளைப் பார்த்தேன். அத்தனை பேருக்கும் முந்தானை வலது தோளில். வயசுக் காலத்தில் ஒரு சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டர் ரீலைத் திருப்பிப் போட்டுவிட்டான். பேரெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி வந்தது. சீழ்க்கை அடித்தோம், சரி பண்ணினான். இந்தப் படத்தில் ஒரு எழுத்து கிடையாது. அதனால் எந்தத் தேசத்தில் போட்டாலும் யாருக்கும் தெரியவில்லை. படிச்சவர்கள் முகத்துவாரத்தைத் தேடினார்கள். முகத்துவாரம் எங்கேயும் போகவில்லை. படம்தான் திரும்பியிருந்தது.

அப்படியென்றால் மீசைக்காரர் எல்லோரையும் போல சோத்துக்கை ஆள். பத்தாவது ஆளைத் தேடினேன். ஒல்லியான மனுஷன். அவனை மட்டும் வெள்ளைக்காரர் வரிசைக்கு நடுவில் நிற்க வைத்திருக்கிறார். அவன் வலது கையில் வீசுகிறான், அதாவது நிஜத்தில் இடது. பக்கத்து ஆள் வலையும் அவன் வலையும் சிக்கிக்கொள்கிறது. சிக்காமல் என்ன செய்யும்? கை எதிரெதிர், ரெண்டு பேரும் நடுவில் இருக்கிற ஒரே இடத்துக்கு அல்லவா சுழற்றுகிறார்கள். வெள்ளைக்காரர் ஓடி வந்து அவனைத் திட்டுகிறார். கையைக் காட்டிப் போகச் சொல்கிறார். அவன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கேமரா பக்கம் ஒரு தடவை பார்க்கிறான். சிரிக்கிறான். நடந்து வரிசையின் ஓரத்துக்குப் போய்விடுகிறான். பதினொன்று எண்ணுவதற்குள் அது முடிந்துவிடும். அங்கே மேடையில் மாமா பொன்னாடையோடு மீசையை முறுக்கிக்கொண்டு மீசைக்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் வாயைத் திறந்தேன். "எப்படிப் பேசினேன் மாப்ளே?" என்றார். "நல்லாத்தான் பேசினீங்க" என்றேன். வாத்தியார் கொடுத்த டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனார். இப்படியே ஒரு வருஷம் ஓடியது. படையல் வைக்கும் ஒவ்வொரு அமாவாசையும் எனக்கு எரிச்சலாக வரும். அவர் மேல் எரிச்சல், வாத்தியார் மேல் எரிச்சல், ரீலைத் திருப்பிப் போட்டவன் மேல் எரிச்சல். என் மேலும்தான். திட்டு வாங்கின மனுஷன் அங்கேயும் ஓரம், இங்கேயும் ஓரம். சோறு வேறு ஆளுக்குப் போகிறது.

ஆடி அமாவாசை. மாலை வாங்க மறந்துவிட்டேன். மாமா பிடித்துக்கொண்டார். "உனக்கு எங்கப்பன்னா இளக்காரம். நீ விழுந்து கும்புடுற லட்சணத்தப் பாத்தேனே. ஒரு நாளாவது ஒழுங்காக் கும்பிட்டிருக்கியா?" வீட்டுக்காரி கண்ணைக் காட்டினாள், பேசாதே என்று. நான் பேசினேன்.

"அது உங்கப்பா இல்ல மாமா."

நான் விளக்கம் சொல்லத் தெரியாதவன். வெளியே போய் வீச்சு வலையை எடுத்து வந்தேன். அவர் கையில் கொடுத்தேன். பீரோக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்தேன். வீசுகிற மாதிரி பிடிங்க என்றேன். பழக்கத்தில் வலது கையில் பிடித்தார்.

"உள்ள நிக்கிறாரே, அவரு எந்தக் கை?"

பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கையை இறக்கினார், ஏற்றினார். "பீச்சாங்கை" என்றார். வலையைக் கீழே போடவில்லை. அப்படியே நின்று, "எல்லாருமா?" என்றார். "ஒருத்தர் தவிர எல்லாரும்" என்றேன். "நடுவுல நின்னு திட்டு வாங்குறாரே ஒல்லியா, அவருதான் பீச்சாங்கை."

சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். பத்தாம் நாள் மீசையை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மீசைக்காரர் படத்தைக் கழற்றவா என்று வீட்டுக்காரி கேட்டாள். "ஏன், இத்தன நாள் நம்ம சோறு தின்னவருதான. யாருக்கோ அப்பன். இருக்கட்டும்" என்றார். என்னைப் பார்த்து, "டிவியத் திருப்பு மாப்ளே" என்றார். கண்ணாடியைக் காட்டினார். டிவிடி பிளேயரில் வாத்தியார் கொடுத்த டிஸ்க்கைப் போட்டேன், திரும்பின படம் கண்ணாடியில் நேரானது.

அன்றைக்கு ஆரம்பித்தது. முதலில் அவர் கேட்கும்போதெல்லாம் திருப்பி வைத்தேன். விடிந்ததும் ஒரு தடவை, சாப்பிட்டதும் ஒரு தடவை, டீ குடித்ததும் ஒரு தடவை. ஒயர் வேறு பத்தாது. ஒரு நாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. போங்கடா என்று அப்படியே விட்டுவிட்டேன். டிவிக்குப் பின்னால் நாற்காலி. அதில் உட்கார்ந்து டிவியின் தலைக்கு மேலாகக் கண்ணாடியைப் பார்ப்பார். கண்ணாடியில் கீழே படம் ஓடும், மேலே அவர் முகம் தெரியும். மூக்குக் கண்ணாடி இப்போது முழுநேரம். அந்த ஒல்லி ஆள் வந்ததும், வெள்ளைக்காரரோடு சண்டைக்குப் போவார். "யோவ், பீச்சாங்கைக்காரன நடுவுல நிக்க வெச்சது யாரு? நீ. வலை சிக்குனா யாரத் திட்டணும்? உன்ன." தினமும் அதே சண்டை. அந்தாள் தினமும் திட்டுகிறார், இவர் தினமும் பதில் சொல்கிறார். அப்புறம் என்னிடம் திரும்புவார். "ஏன் மாப்ளே சிரிக்கிறாரு?" எனக்கென்ன தெரியும். "திட்டு வாங்குனா யாராவது சிரிப்பாங்களா?" தெரியாது மாமா. "நீ சிரிப்பியா?" நான் சிரிக்க மாட்டேன் மாமா. நாலு வருஷம்.

நான் வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன், படம் திரும்பியிருக்கிறது என்று. "அங்க பெரிய பெரிய ஆராய்ச்சி பண்ணுனவங்க பாத்திருக்காங்க" என்றார். "அவுங்க வலை வீசுவாங்களா?" என்றேன். அவர் லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். பத்து ஆளையும் எண்ணினார். முந்தானையையும் காட்டினேன். பிறகு அவர் முகம் மாறிப்போனது. வெளிநாட்டுக்கு எழுதுகிறேன் என்றார். எழுதினார். பதில் வந்தது, பரிசீலிக்கிறார்களாம். இன்னொரு பதில் வந்தது, ஆள் மாறிவிட்டாராம். நேராகப் போட்டு ஒரு காப்பி கொடுக்க இத்தனை வருஷமா? இங்கே ஒரு கிழவர் சாகிறதுக்குள் வேண்டும் சார் என்றேன். எனக்கும் அதே கவலைதான் என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் கவலைப்பட்டால் டிஸ்க் வந்துவிடுமா?

தானே புயலில் எங்கள் தெருவில் பாதிக் கூரை போனது. டிவியைப் போர்வையில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். கண்ணாடி உடையாமல் இருக்க பீரோவை மாமா கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். "வந்து உக்காருங்க மாமா" என்றால், "நீ உன் வேலையப் பாரு" என்றார். புயல் போய் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. "கரண்ட் வந்துச்சா?" காலையில் கேட்பார். மதியம் கேட்பார். கம்பமே விழுந்து கிடக்கிறது, எங்கிருந்து வரும்? ஒரு நாள் கோபத்தில் கத்திவிட்டேன். அவர் சிரித்தார். திட்டு வாங்கிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சிரிப்பை நான் நாலு வருஷமாகக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை. எப்போதும் போல சொல்லவில்லை.

கரண்ட் வந்தது. சில நாள் பார்த்தார். மாசி மகத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தார். நாற்காலியில் இல்லை, டிவி முன்னால் இல்லை. சாதாரணமாக, பாயில், காலையில்.

ஆடி பிறந்து வாத்தியார் வந்தார், புது டிஸ்க்கோடு. நேராகப் போட்டது. இப்போது அங்கே கடலூர் என்றே எழுதிவிட்டார்களாம், முகத்துவாரம் சரியான பக்கத்தில் இருக்கிறதாம். மாமாவின் காலி நாற்காலியைப் பார்த்தார். டிஸ்க்கை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

டிஸ்க்கைப் போட்டேன். கண்ணாடியில் பார்த்தால் மறுபடி எல்லோரும் பீச்சாங்கை. தலையில் அடித்துக்கொண்டேன். டிவி இன்னும் கண்ணாடியைத்தானே பார்க்கிறது. நானும் வீட்டுக்காரியும் அதைத் தூக்கி நேராகத் திருப்பினோம். நாலு வருஷத்துக்கப்புறம் அதன் முகத்தைப் பார்த்தோம். தூசி. துடைத்தோம். ஒல்லி மனுஷன் வந்தார், இடது கையில் வீசினார், திட்டு வாங்கினார், சிரித்தார், ஓரத்துக்குப் போனார். எல்லாம் சரியாக இருந்தது. ஏதோ குறைந்தது. டிவிக்கு மேலே சுவர்தான் இருந்தது.

"திரும்பப் பிடி" என்றேன். "உங்களுக்கும் புடிச்சிடுச்சா?" என்றாள் வீட்டுக்காரி. ஆனால் பிடித்தாள். டிவியை மறுபடி கண்ணாடிப் பக்கம் வைத்தோம். பழைய டிஸ்க்கைப் போட்டேன். மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணாடியில் அவர் அப்பா வந்தார், சிரித்தார். பதினொன்று எண்ணினேன். மேலே தெரிந்தது என் முகம். ஷேவ் பண்ணாத முகம். அது சிரிக்கவும் இல்லை.

வீட்டுக்காரி என் பின்னால் வந்து நின்றாள். அவளும் கண்ணாடியைத்தான் பார்த்தாள்.

"அப்பா இனிமே அதுல வர மாட்டாரு" என்றாள். "நேரா வைங்க. நியூஸ் பாக்கணும்."

நேராக வைத்தேன். பீரோக் கண்ணாடிக்கு இப்போது டிவியின் முதுகு தெரிகிறது.